மதுரையிலிருந்து உலக ஆய்வு வட்டங்களுக்குள் நுழைவது எப்படி: தொழில்நுட்பமும் நிறுவனங்களும் பற்றி ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு

ஒரு ஆஸ்பத்திரிக்குள், ஒரு கூட்டுறவு சங்கத்துக்குள், ஒரு தாலுகா ஆபீஸுக்குள் புதிய தொழில்நுட்பம் நுழைந்தால் வேலை எப்படி மாறுகிறது, யார் கை ஓங்குகிறது, யார் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்று ஆய்வு செய்பவர்களுக்கு உலகம் முழுக்க சில வட்டங்கள் இருக்கின்றன. வருடா வருடம் கூடிப் பேசுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்துவார்கள், பிறகு சேர்ந்து எழுதுவார்கள். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கல்லூரிகளில் இதே விஷயத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம், ஆனால் அந்தக் கூட்டங்களில் நம் ஊர்க்காரர்களைப் பார்ப்பது அபூர்வம். திறமை இல்லாததால் அல்ல. எந்த மாதம் என்ன செய்ய வேண்டும், எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. நான் இங்கே ஒரு உதவிபெறும் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மேசை மேசையாக அலைந்து தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் அலைய வேண்டாம்.

1. முதலில் எந்த வட்டம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க நினைக்காதீர்கள். ஒன்று போதும், அதிலேயே மூன்று நான்கு வருடம் தொடர்ந்து இருந்தால்தான் ஆட்கள் உங்களை அடையாளம் காண்பார்கள்.

ஈகோஸ் என்பது ஐரோப்பிய நிறுவன ஆய்வாளர்களின் குழு. பெயரில்தான் ஐரோப்பா, எந்த நாட்டுக்காரரும் போகலாம். வருடம் ஒருமுறை ஜூலை முதல் வாரத்தை ஒட்டி மாநாடு நடக்கும், 2024-ல் மிலான், 2025-ல் ஏதென்ஸ். இங்கே 'துணைத் தலைப்பு' என்று, ஒரு ஆய்வுப் பொருளுக்கு ஒன்றாகப் பல அறைகள் இருக்கும், நீங்கள் ஒரே ஒரு அறையில் சேர்ந்து கூட்டம் முடியும்வரை அதே ஆட்களோடு உட்கார வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் கூட்டத்தில் தொலைந்து போக மாட்டீர்கள்.

ஐஃபிப் என்பது தகவல் தொழில்நுட்பச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. அதில் எண் போட்ட பணிக்குழுக்கள் உண்டு. 8.2 தகவல் அமைப்புகளும் நிறுவனங்களும், 8.6 தொழில்நுட்பம் பரவும் விதம், 9.4 வளரும் நாடுகளில் டிஜிட்டல் தொழில்நுட்பம். சின்னக் கூட்டங்கள், நெருக்கமான பேச்சு. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது, 8.6 குழுவின் மாநாடு 2013-ல் பெங்களூரிலும் 2020 டிசம்பரில் திருச்சியிலும் நடந்திருக்கிறது. 9.4 குழு 2015-ல் இலங்கையின் நீர்கொழும்பில் கூடியது. இப்படிப் பக்கத்தில் வரும்போது விட்டுவிடாதீர்கள், செலவு பல மடங்கு குறையும்.

ஏ.ஐ.எஸ். என்பது தகவல் அமைப்பு ஆய்வாளர் சங்கம். இதன் பெரிய மாநாடான ஐ.சி.ஐ.எஸ். டிசம்பரில் நடக்கும், 2023-ல் ஹைதராபாத்துக்கே வந்தது. போட்டி கடுமை, முதல் முயற்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் முனைவர் பட்ட மாணவராக இருந்தால் அங்கே மாணவர்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.

அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஆகஸ்டை ஒட்டிக் கூடும். அதில் தொடர்பியல், டிஜிட்டல் தொழில்நுட்பம், நிறுவனம் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், தெரிந்தவர் யாரும் இல்லாமல் போனால் தனியாகத்தான் சுற்றுவீர்கள். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. போலி மாநாடுகளில் பணத்தை விடாதீர்கள்

நம் பக்கம் அதிகம் பேர் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். "உங்கள் மதிப்புமிக்க ஆய்வைப் படித்தோம்" என்று மெயில் வரும், பாங்காக், துபாய், சிங்கப்பூர் என்று ஊர் இருக்கும், பேப்பர் அனுப்பி இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டோம் என்பார்கள், ஐந்து நாளுக்குள் பணம் கட்டச் சொல்வார்கள். போனால் ஒரு ஓட்டல் ஹாலில் இருபது பேர், வேதியியலும் வணிகவியலும் ஒரே மேடையில், சான்றிதழ், குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பாய்வுக்கு, அதாவது மற்ற ஆய்வாளர்கள் பேப்பரைப் படித்துத் தரம் பார்ப்பதற்கு, ஆறு வாரத்துக்குக் குறைவாக எடுத்தால் சந்தேகப்படுங்கள். ஒரே தேதியில் பல துறைகளின் மாநாடு ஒரே தளத்தில் இருந்தால் வேண்டாம். ஒருங்கிணைப்பாளர்கள் யார் என்று பார்த்து, அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த மாநாட்டைக் குறிப்பிடுகிறார்களா என்று தேடுங்கள், அது ஐந்து நிமிட வேலை. 'ஸ்கோபஸ் உறுதி' (ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளம்) என்று விளம்பரம் செய்தால் அப்போதே மூடிவிடுங்கள், உண்மையான வட்டம் எதுவும் அப்படி விற்காது. எனக்குத் தெரிந்த ஒரு இளம் ஆசிரியர் இப்படி ஒரு கூட்டத்துக்கு நகைக்கடன் வாங்கிப் போய்வந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

3. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பின்னால் எல்லாமே இதில்தான் மாட்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கருப்பையா மகன் முத்து என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிச் சான்றிதழில் 'கே. முத்து', ஆதாரில் 'முத்து கே', பாஸ்போர்ட்டில் பெயர் 'முத்து' குடும்பப்பெயர் காலி, மாநாட்டுப் பதிவில் இரண்டு பெட்டியும் கட்டாயம் என்பதால் 'முத்து' 'கே' என்று போட்டிருப்பார். பிறகு யாராவது அவர் கட்டுரையை மேற்கோள் காட்டினால் 'கே, எம்.' என்று அச்சாகும். தேடினால் கிடைக்க மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்துக் குடும்பப்பெயர் பெட்டியில் போடுங்கள், காலியாக விட வேண்டாம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது, மற்ற இடங்களிலும் டிக்கெட் போடும்போது தகராறு வரும். அதே பெயரை ஆர்கிட் கணக்கில் போடுங்கள். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க எண், இலவசம், பத்து நிமிடத்தில் கிடைக்கும். கல்லூரியின் ஆங்கிலப் பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். மெயில் முகவரி கல்லூரியுடையதாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெயரும் இனிஷியலும் தெளிவாகத் தெரியும் ஒரு முகவரி.

பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000, தட்கல் என்றால் மேலே 2,000. மதுரையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. அரசுப் பணியில் இருந்தால் மேலதிகாரிக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து அதன் நகலை வைத்தாலே போதும், பாஸ்போர்ட் எடுக்க மட்டும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாடு போவதற்கான என்.ஓ.சி. தனி, அது 7-ம் பகுதியில் வருகிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

4. பேப்பர் அனுப்புவதற்கு முன்னால் மதிப்பாய்வாளராகப் போங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் மிக முக்கியம் என்று படுகிறது. அகாடமியும் ஏ.ஐ.எஸ். மாநாடுகளும் எப்போதும் மதிப்பாய்வாளர் தேடிக்கொண்டே இருக்கும். முனைவர் பட்ட மாணவர்கூடப் பதிவு செய்யலாம். ஒரு காசு செலவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வருடம் உலகத்தில் என்ன எழுதுகிறார்கள், எது ஏற்கப்படுகிறது, எது எந்தக் காரணத்தால் தள்ளப்படுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று பேப்பரை ஒழுங்காகப் படித்து, மரியாதையாக, உபயோகமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், கெடு தேதிக்கு முன்னால் கொடுங்கள். நன்றாக எழுதுபவர்களின் பெயர் பிரிவு நடத்துபவர்களின் நினைவில் நிற்கும்.

5. சுருக்கக் கட்டுரை: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

ஈகோஸுக்கு முதலில் முழுக் கட்டுரை கேட்க மாட்டார்கள். சுமார் 3,000 சொல்லில் ஒரு சுருக்கக் கட்டுரை, ஜனவரி தொடக்கத்தில். முடிவுகள் முழுசாக வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், நாம் இடறுவது அங்கேதான்.

நாம் பழகியிருக்கிற தலைப்பு எப்படி இருக்கும்? "மதுரை மாவட்ட மல்லிகை விவசாயிகளிடையே கைப்பேசிப் பயன்பாட்டின் தாக்கம்: ஓர் ஆய்வு." இருநூறு பேரிடம் வினாத்தாள், சதவீதப் பட்டியல், கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை, கடைசியில் அரசுக்கு ஐந்து பரிந்துரை. உழைப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது, "சரி, இதில் நமக்குப் புரியாத விஷயம் எது?" என்றுதான்.

அதே களத்தை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடிவதற்குள் ஒரு சுற்று நின்று பாருங்கள். மூட்டை இறங்குகிறது, கமிஷன் கடைக்காரர் எடை போட்டுச் சீட்டில் எழுதுகிறார், விலை அன்றைக்கு என்ன என்பது விவசாயியின் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் அதிகம் என்றும் தெரியும். ஆனாலும் பூ அதே கடைக்குத்தான் போகிறது. ஏன்? அந்தக் கடையில் முன்பணம் வாங்கியிருக்கலாம், வீட்டு விசேஷத்துக்கும் அவரே கைகொடுத்திருக்கலாம். இப்போது கேள்வி இப்படி மாறும்: "விலைத் தகவல் எல்லோர் கையிலும் வந்த பிறகும் பழைய வியாபார உறவு ஏன் உடையவில்லை, அந்த உறவுக்குள் கைப்பேசி என்ன வேலை செய்கிறது?" இதற்கு இருநூறு வினாத்தாள் வேண்டாம். பன்னிரண்டு விவசாயிகளிடமும் நான்கு கடைகளிலும் பேட்டி, ஒரு சீசன் முழுக்க நீங்கள் சந்தையில் நின்று பார்த்தது, அது போதும். தகவல் கிடைத்தால் சந்தை நேராகிவிடும் என்று நம்புபவர்களோடு நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள், அவர்கள் உங்களைக் கேட்டே ஆக வேண்டும்.

களத்துக்கு நமக்குக் குறையே இல்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் அமைத்த 'சாரி' திட்டம், அந்த மையங்களில் பல ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வியோடு, உலக அளவில் பேசப்பட்டது. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி 1993-லேயே ஹார்வர்டு வணிகப் பள்ளி வகுப்புப் பாடம் எழுதியது. இவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் மேல் இருப்பது வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் பெயர். பஸ் பிடித்து முக்கால் மணி நேரத்தில் அந்தக் கிராமத்துக்குப் போய், பேச்சுத் தமிழிலேயே பேட்டி எடுத்து, சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்ளக்கூடிய நாம் அதை எழுதாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சுருக்கக் கட்டுரையில் முதல் பக்கத்திலேயே கேள்வி வந்துவிட வேண்டும். அப்புறம் அந்தத் துணைத் தலைப்பின் அழைப்பில் (கட்டுரை அனுப்பச் சொல்லி வரும் அறிவிப்பில்) குறிப்பிட்டிருக்கும் கட்டுரைகளில் நான்கைந்தையாவது உண்மையிலேயே படித்து, உங்கள் களம் அவற்றோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று எழுதுங்கள். அழைப்பையே படிக்காமல் அனுப்புவது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். களத்திலிருந்து ஒரு காட்சி, ஒரு பேட்டி வரி கட்டாயம் இருக்கட்டும். பின்னணி என்று இந்தியாவின் இணையப் பயனர் எண்ணிக்கையில் தொடங்கி இரண்டு பக்கம் வீணாக்க வேண்டாம்.

அகாடமிக்கோ ஐ.சி.ஐ.எஸ்.ஸுக்கோ அனுப்பினால் ஆசிரியர் பெயர் தெரியாத மதிப்பாய்வு. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேர்டு கோப்பின் உள் விவரங்களில் உங்கள் பெயர், சில சமயம் கல்லூரிக் கணினியின் பெயர் இருக்கும், 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுத்து அழியுங்கள். தலைப்புப் பட்டையில் கல்லூரிப் பெயர், நன்றியுரையில் முதல்வர் பெயர், "எங்களது முந்தைய ஆய்வில்" என்ற வரி, எல்லாம் காட்டிக்கொடுக்கும். வடிவ விதியை மீறினால் மதிப்பாய்வுக்கே போகாமல் திருப்பிவிடுவார்கள்.

6. ஜூலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஈகோஸை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் இதே முறைதான், மாதம் மாறும்.

ஜனவரி தொடக்கத்தில் சுருக்கக் கட்டுரை. நவம்பர், டிசம்பரில் தேர்வு வேலை, விடைத்தாள் திருத்தும் வேலை எல்லாம் வரும், ஆகவே அக்டோபரிலேயே வரைவு முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் முடிவு தெரியும். தெரிந்த அதே வாரத்தில் என்.ஓ.சி. விண்ணப்பமும் பயண நிதி விண்ணப்பமும் போக வேண்டும், ஒன்று முடியட்டும் என்று இன்னொன்றைத் தள்ளிவைக்காதீர்கள். ஏப்ரலில் முன்பதிவுச் சலுகைக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், அழைப்புக் கடிதம். மே மாதத்தில் விசா. ஜூனில் முழுக் கட்டுரையை ஏற்ற வேண்டும். ஜூனில் கல்லூரி திறந்து சேர்க்கை வேலை வேறு குவியும், ஆகவே முழுக் கட்டுரையை மே விடுமுறையில் எழுதி முடித்துவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவைக் கணக்கில் வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை, அந்த வாரம் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். விசாவுக்காகச் சென்னை போகும் வேலையை அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

7. அனுமதி

சுயநிதிக் கல்லூரி, சுயநிதிப் பிரிவு என்றால் நிர்வாகத்தின் கடிதம் போதும். முழுநேர ஆய்வு மாணவர் என்றால் நெறியாளர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு. அரசு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு முதல்வர், செயலர், மதுரை மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம், பிறகு சென்னையில் இயக்ககம் என்று கோப்பு படிப்படியாகப் போகும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் கையில் வையுங்கள்.

பொதுவாகக் கேட்பவை: ஏற்புக் கடிதம், அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், எந்த வகை விடுப்பு, எத்தனை நாள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம், முன்பு போன வெளிநாட்டுப் பயணங்களின் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று, நீங்கள் இல்லாதபோது வகுப்பை யார் எடுப்பார் என்ற ஏற்பாடு. கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், கோப்பு அதற்காகவே திரும்பி வரும். ஒவ்வொரு கட்டத்திலும் அனுப்பிய எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "அனுப்பிட்டோம் சார்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அடுத்த அலுவலகத்தில் ஒன்றும் கேட்க முடியாது, எண் இருந்தால் கேட்கலாம்.

இன்னொரு பொறி. அழைக்கும் அமைப்பு உங்கள் விமானச் செலவையோ தங்கும் செலவையோ ஏற்றுக்கொண்டால் சந்தோஷம்தான், ஆனால் அரசு ஊழியராகவோ அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவன ஊழியராகவோ இருந்தால் அது வெளிநாட்டு விருந்தோம்பல் என்ற கணக்கில் வரும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும், எஃப்.சி.-2 படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். உதவிபெறும் கல்லூரிக்காரர்கள் இது தங்களுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பணம்

தோராயமாக ஐரோப்பாவுக்கு ஒருமுறை போய்வர என்ன ஆகும்? ஜூலை அங்கே கோடை விடுமுறைக் காலம், சென்னையிலிருந்து விமானம் 60 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை போகும். பதிவும் உறுப்பினர் கட்டணமும் சேர்ந்து சில நூறு யூரோ. தங்குவதுதான் எதிர்பாராமல் ஏறும், ஆகவே பல்கலைக்கழக மாணவர் விடுதி அறை தருகிறார்களா என்று முதலில் பாருங்கள். விசா, காப்பீடு, சென்னைப் போக்குவரத்து எல்லாம் தனி. கையில் இரண்டு லட்சம் வரை திட்டமிட்டால் மூச்சு முட்டாது.

நிதி எங்கே? அறிவியல், பொறியியல் துறையென்றால் ஏ.என்.ஆர்.எஃப். (பழைய எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்தில் வந்த மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு) நடத்தும் பயண உதவித் திட்டத்தைப் பாருங்கள். மேலாண்மை, வணிகவியல், சமூகவியல் என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். இரண்டுக்குமே ஏற்புக் கடிதம் வேண்டும், மாநாட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் அந்த வட்டமே கொடுக்கும் உதவித்தொகை. சில வட்டங்களில் நாட்டின் வருமானத்தைப் பொறுத்தோ மாணவர் என்பதாலோ கட்டணம் குறைவு. பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் மெயில் எழுதிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அனுமதி ஆணையின் நிபந்தனைகளைப் படித்த பிறகுதான் டிக்கெட் வாங்குங்கள். எந்த முகவர் வழியாக வாங்க வேண்டும், எந்த வகுப்பு, எந்தப் பாதை என்று அதில் இருக்கும், மீறினால் தொகையை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, திரும்பி வந்து கேட்டு வாங்குவதுதான் நடைமுறை. கடன் வாங்கியாவது புரட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கட்டணம் கட்டும்போது கார்டு வேலை செய்யாது என்று பதறுவீர்கள். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். சலுகைக் கட்டணத்தின் கடைசி நாள் இரவு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், விசா மறுக்கப்பட்டால் அது கைகொடுக்கும்.

9. விசா

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு, சிக்கலானால் 45 நாள் வரை போகலாம். சந்திப்பு நேரம் கிடைப்பதே கோடையில் கஷ்டம், ஏற்புக் கடிதம் வந்த உடனே தேதி தேட ஆரம்பியுங்கள்.

காகிதங்கள்: பாஸ்போர்ட் (திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கம், பத்து வருடத்துக்குள் கொடுத்தது), நிரப்பிய படிவம், 35-க்கு 45 மி.மீ. புகைப்படம், அழைப்புக் கடிதம், கல்லூரியின் என்.ஓ.சி., விடுப்பு ஆணை, சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், வங்கி முத்திரை போட்ட கணக்கு அறிக்கை, தங்குமிடப் பதிவு, விமானப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு, நீங்கள் யார், எதற்குப் போகிறீர்கள், யார் செலவு, எப்போது திரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும் இருந்தால் நல்லது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரோ கொடுத்த ஒன்றரை லட்சம் கணக்கில் திடீரென்று விழுந்தால் கேள்வி வரும். நிதி ஆணை இருந்தால் நகலை இணைத்துவிடுங்கள், அது ஆயிரம் விளக்கத்துக்குச் சமம்.

காலைச் சந்திப்பு என்றால் முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூரில் விடியும்போது இறங்கலாம், குளித்துச் சாப்பிட்டுப் போக நேரம் இருக்கும். மூலம் ஒரு கோப்பு, நகல் ஒரு கோப்பு என்று பிரித்து, கேட்கும் பட்டியலின் வரிசையிலேயே அடுக்குங்கள்.

மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு வருடப் பலமுறை விசா கிடைக்கும் வழி 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்குத் திறந்தது. ஒரே வட்டத்தில் தொடருங்கள் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. அறைக்குள்

உங்கள் துணைத் தலைப்பின் எல்லாக் கட்டுரையையும் படித்துவிட்டுப் போங்கள். இருபது இருந்தாலும் படியுங்கள், விமானத்தில் நேரம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் ஒரு பாராட்டும் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் உங்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அது உங்கள் சொந்தப் பேச்சால் அல்ல, மற்றவர்கள் எழுதியதை நீங்கள் அக்கறையாகப் படித்ததால்.

உங்கள் முறை வரும்போது மெதுவாகப் பேசுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த அறையில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கமிஷன் கடையின் ஒரு சீட்டைப் படம் எடுத்துக் காட்டுங்கள், பெயரை மறைத்துவிட்டு. முப்பது ஸ்லைடை விட அது அதிகம் பேசும்.

பணிக்குழுக்களின் நிர்வாகக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்பும் நேரத்தில் நடக்கும், ஆனால் அடுத்த மாநாடு எங்கே, யார் பொறுப்பு என்பது அங்கேதான் பேசப்படும். ஐஃபிப் குழுக்களில் கூட்டங்களுக்கு வந்து வேலை செய்தவர்களைத்தான் உறுப்பினராகச் சேர்ப்பது வழக்கம். சின்ன வேலை எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

11. திரும்பி வந்த பிறகு

போர்டிங் பாஸை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டது கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், நிதி கேட்கும்போது வெள்ளைத் தாளைக் காட்ட முடியாது. பங்கேற்புச் சான்றிதழ், பதிவு ரசீது, காப்பீட்டு ரசீது, விசா ரசீது எல்லாம் ஒரே கோப்பில்.

பதவி உயர்வுக் கணக்கில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டில் கட்டுரை படித்தால் 7 புள்ளி, உள்நாட்டில் நடக்கும் சர்வதேச மாநாடு என்றால் 5. இந்த வகைக்கு மொத்தத்தில் 30 சதவீத உச்சவரம்பும் உண்டு. ஆகவே புள்ளிக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்யாதீர்கள், கட்டுரையை ஆய்விதழுக்குக் கொண்டுபோக இது ஒரு படி. அறையில் கிடைத்த கருத்துகளை ஒரு வாரத்துக்குள் எழுதி வைத்து, இரண்டு மூன்று பேருக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்பி, திருத்திய வடிவத்தைப் படிப்பீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

அப்புறம் உங்கள் என்.ஓ.சி. விண்ணப்பம், விசாக் கடிதம், நிதிக் கணக்கு, சுருக்கக் கட்டுரை எல்லாவற்றின் நகலையும், வங்கி விவரத்தை மறைத்துவிட்டு, துறை அலமாரியில் வையுங்கள். அக்டோபரில் அடுத்த ஆள் வந்து கேட்பார்.